இங்கிலாந்துக் கிராமங்கள் வழியே நெடுநடை விடுமுறை: பினாங்கிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடிமலை ஜீப் பாதையில் ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கிய பிறகு தே தாரிக் கடையில் உட்கார்ந்தால், யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிடுவார். "இங்கிலாந்து போய் நாள்கணக்கில் நடக்கிறீர்களாமே, எப்படி?" அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலான பதில்கள், இங்கிலாந்தின் வடக்கே பழைய ரோமச் சுவரை ஒட்டிப் போகும் ஹேட்ரியன் சுவர்ப் பாதையைப் பற்றியவை. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அந்தப் பாதையைத்தான்.

இது மலையேற்றமா? நாங்கள் மலை ஏறிப் பழகியவர்கள்தானே?

மலையேற்றம் இல்லை. நம் ஊரில் நடை என்றால் விடியலில் கிளம்பி உச்சிக்கு ஏறி, படம் எடுத்து, இறங்கி வந்து பசியாறுவது. பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்போம். அங்கே நடப்பது ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு. காலையில் ஒரு கிராமத்தில் கிளம்பி, வயல், ஆட்டு மந்தை, காடு, ஆற்றங்கரை என்று கடந்து மாலையில் இன்னொரு கிராமத்தில் படுக்கை. மறுநாளும் அப்படியே. ஒருநாள் நடை யாருக்கும் கஷ்டமில்லை. நான்காம் நாள் காலையில் எழுந்து அதே காலணியை மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் இதில் உள்ள உழைப்பு, அதனால் திட்டமிடுவதும் அதற்கு ஏற்ற மாதிரிதான் இருக்க வேண்டும்.

ஏன் ஹேட்ரியன் சுவர்? வேறு பாதைகள் இல்லையா?

நிறைய இருக்கின்றன. சிப்பிங் கேம்ப்டனிலிருந்து பாத் நகரம் வரை போகும் காட்ஸ்வோல்ட் பாதை சுமார் 164 கிலோமீட்டர், அழகான தேன்நிறக் கல்வீடுகள். ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலண்ட் பாதை 154 கிலோமீட்டர், காட்சி பிரமாதம், ஆனால் கோடையில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்க்கும். இங்கிலாந்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் 'கோஸ்ட் டு கோஸ்ட்' ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அதற்கு இரண்டு வாரமாவது வேண்டும்.

ஹேட்ரியன் சுவர்ப் பாதை 135 கிலோமீட்டர். ஒரு வார விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் சேர்த்தால் முடிந்துவிடும். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய எல்லைச் சுவர் அது. 1987 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். நடைபாதையாகத் திறந்தது 2003இல். வழி நெடுக ஓக் மரக் கொட்டைச் சின்னம் பொறித்த பலகைகள் இருப்பதால் வழி தவறுவது அபூர்வம். தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி நியூகாசல், கார்லைல் நகரங்களுக்கு இடையே ரயில் ஓடுகிறது, ஏதாவது ஆனால் வெளியேற வழி உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவருக்குச் சற்றுத் தெற்கே விந்தோலாந்தா என்ற ரோமக் கோட்டை இருக்கிறது. அங்கே 1973 முதல் தோண்டி எடுத்த மெல்லிய மரப்பலகைகளில் படைவீரர்களின் கணக்குகளும் கடிதங்களும் இருக்கின்றன. ஒன்றில் மிளகு வாங்கிய கணக்கு வருகிறது. அந்தக் காலத்து மிளகு எங்கிருந்து போயிருக்கும்? நம் சேர நாட்டுக் கரையிலிருந்துதான், முசிறி போன்ற துறைமுகங்கள் வழியாக. குளிரில் நடுங்கிக்கொண்டு எல்லை காத்த ஒருவன் சாப்பாட்டில் அது விழுந்திருக்கிறது! தமிழர்கள் யாரோடு நான் போனாலும் அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்காமல் திட்டம் போட மாட்டேன்.

எத்தனை நாள் எடுத்துக்கொள்வது? ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பது?

எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இணையத்தில் பார்த்தால் ஆறு நாள், ஏழு நாள் என்று போட்டிருப்பார்கள். 135ஐ ஆறால் வகுத்தால் நாளுக்கு 22 கிலோமீட்டர் சொச்சம், "அட, அவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் பாதையை ஆறு சமத் துண்டாக வெட்ட முடியாது. படுக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிறுத்த முடியும். சில இடங்களில் இரண்டு ஊருக்கு நடுவே நெடுந்தூரத்துக்குத் தங்குமிடம் மிகக் குறைவு, அதனால் ஒருநாள் 13, மறுநாள் 24 என்றுதான் வரும்.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய விதி உண்டு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்தோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அது நல்ல உடல்வாகு உள்ளவர், நிற்காமல் நடந்தால். நம் குழு அப்படி நடக்காது. படம் எடுக்கும், ஆட்டுக்குட்டியைப் பார்த்து நிற்கும், மழைச்சட்டையை மாட்டும், கழற்றும். எல்லாம் சேர்த்து மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள். அப்போது 24 கிலோமீட்டர் என்பது எட்டு மணி நேரம். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் மாலை ஐந்து.

நான் போடச் சொல்வது எட்டு அல்லது ஒன்பது நாள் நடை, நடுவில் ஒருநாள் ஓய்வு. ஓய்வுநாளை ஒன்ஸ் ப்ரூட் என்ற இடத்தில் வையுங்கள். விந்தோலாந்தா பக்கத்திலேயே இருக்கிறது, கால்களும் ஆறும். சுவரின் மிக அழகான பகுதியும் அதைச் சுற்றித்தான். பாறைச் சரிவுகளின் மேல் சுவர் ஏறி இறங்கி ஓடும், உச்சி 345 மீட்டர்தான், ஆனால் செங்குத்தாக இறங்கி உடனே ஏறும் படிகள் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். சிக்கமோர் கேப் என்ற பள்ளத்தில் தனியாக நின்ற புகழ்பெற்ற மரத்தை 2023 செப்டம்பரில் யாரும் பார்க்காத இரவில் வெட்டிவிட்டார்கள். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர் வந்திருக்கிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது மனது கனக்கத்தான் செய்யும்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

மேற்கிலிருந்து கிழக்கு. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும், முதுகில் பட்டால் உதவி, முகத்தில் மழையோடு பட்டால் தொல்லை. மேற்கு முனை போனஸ் ஆன் சால்வே என்ற சின்ன கடலோரக் கிராமம், கிழக்கு முனை நியூகாசலை ஒட்டிய வால்செண்ட். நகரத்தில் முடிப்பதால் திரும்பி வரும் பயணமும் சுலபம். வால்செண்ட் மெட்ரோ நிலையத்தில் அறிவிப்புகள் லத்தீன் மொழியிலும் இருக்கும், கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேற்கு முனையில் சால்வே கழிமுகத்தை ஒட்டிய சதுப்புச் சாலை, கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும் நாட்களில் தண்ணீரில் மூழ்கும். கிளம்புவதற்கு முதல்நாள் தங்குமிடத்துக்காரரிடம் ஏற்ற நேரம் கேட்டுவிட வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், மெதுவாக நடப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்டு முழுக்க அங்கே பள்ளி விடுமுறை, அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் பொது விடுமுறை, அந்த வார இறுதிகளைத் தவிருங்கள்.

குளிர்காலம் வேண்டவே வேண்டாம். இருட்டு, சேறு மட்டுமல்ல, ஈர மண்ணில் நம் கால் பட்டால் புல்லுக்கு அடியில் புதைந்திருக்கும் ரோமச் சின்னங்களே சேதமாகும். அதனால்தான் பாதை நெடுக முத்திரை குத்தும் நடைச் சீட்டுகூட மே முதல் அக்டோபர் வரைதான். புல்வெளியில் ஒருவர் பின் ஒருவராக நடக்காமல் பக்கவாட்டில் பரவி நடக்கச் சொல்வதும் அதே காரணத்துக்காக. சுவரின் மேல் ஏறக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தங்குமிடத்தை எப்போது பதிவு செய்ய வேண்டும்?

விமானச் சீட்டுக்கு முன்னால். நம்மில் பலர் மலிவு விலை விமானச் சீட்டைப் பார்த்ததும் வாங்கிவிட்டு, பிறகு அறை தேடுவார்கள், அப்போது நடுப்பகுதியில் ஒரே ஓர் இரவுக்கு இடம் கிடைக்காமல் திட்டம் முழுக்கச் சரியும். அந்தப் பாறைப் பகுதியில் தங்குமிடங்கள் மிகக் குறைவு. முதலில் ஒன்ஸ் ப்ரூட், கில்ஸ்லாண்ட், சோலர்ஃபோர்ட் ஆகிய மூன்று இடங்களைப் பிடியுங்கள். அந்தத் தேதிகள் உறுதியானதும் இரண்டு பக்கமும் மற்ற இரவுகளை நிரப்பலாம், கடைசியில் விமானம். ஆறு மாதத்துக்கு முன்னால் தொடங்கினால் நிம்மதி.

படுக்கையும் காலை உணவும் தரும், வீட்டோடு சேர்ந்த பி அண்ட் பி அறைகள், மதுக்கடைக்கு மேல் இருக்கும் விடுதி அறைகள், இளைஞர் விடுதிகள், படுக்கை மட்டும் தரும் பங்க்ஹவுஸ்கள் எல்லாம் உண்டு. ஒன்ஸ் ப்ரூட்டில் 'தி சில்' என்ற புதிய கட்டடத்தில் வைஎச்ஏ என்ற இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதி இருக்கிறது, குழுவாகப் போகிறவர்களுக்குச் சமையலறையோடு வசதி. நம்மவர்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று கிளம்ப ஆசைப்படுவார்கள். சின்னக் கிராமத்தில் ஒரே வீட்டில் நான்கு பேருக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம். நான்கு பேர் நல்ல அளவு.

மூட்டையை முதுகில் சுமக்க வேண்டுமா?

வேண்டாம். காலையில் பையை வாசலில் வைத்துவிட்டால் வேனில் எடுத்துப்போய் மாலைத் தங்குமிடத்தில் வைத்துவிடும் சேவைகள் இந்தப் பாதையில் இருக்கின்றன. ஒரு பைக்கு ஒரு நாளுக்கு ஏறக்குறைய பத்து பவுண்டு, எடை வரம்பும் உண்டு. இதைச் செலவு என்று நினைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். நம் முதுகில் தண்ணீர், மழைச்சட்டை, மதிய உணவு, கடப்பிதழ், மருந்து, இவ்வளவு போதும்.

விசா வேண்டுமா? எப்படிப் போய்ச் சேர்வது?

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு விசா எடுக்க வேண்டியதில்லை, ஆனால் 2025 ஜனவரியிலிருந்து ஈடிஏ என்ற மின்னணு அனுமதியைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் சொந்தச் செயலி வழியாகவே எடுங்கள், இடையில் கூடுதல் கட்டணம் வாங்கும் தளங்கள் நிறைய.

பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து லண்டன் நேரடி விமானம். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து கார்லைலுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம் அளவில். கார்லைலில் ஓர் இரவு தூங்கி எழுந்து, டாக்சியில் போனஸ் ஆன் சால்வே கிராமத்துக்குப் போய் நடையைத் தொடங்கலாம். வந்து இறங்கிய அன்றே நடக்கக் கிளம்ப வேண்டாம், தூக்கம் கெட்ட உடம்பு ஒத்துழைக்காது. திரும்பும்போது நியூகாசலிலிருந்து துபாய் வழியாக வரலாம், இல்லையென்றால் லண்டனுக்கு மூன்று மணி நேர ரயில். ரயில் சீட்டைச் சில வாரங்களுக்கு முன்பே வாங்கினால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். அங்கே மின்செருகி நம் ஊர் மூன்றுமுனைச் செருகிதான், அடாப்டர் வாங்க வேண்டாம்.

பினாங்கிலேயே எப்படிப் பயிற்சி எடுப்பது?

தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், செங்குத்தான தார்ச்சாலை. மூச்சுக்கு நல்லது. இறங்குவதும் பயிற்சிதான், கம்பி ரயிலில் இறங்கிவிடாமல் நடந்தே இறங்குங்கள். ஆனால் அது மட்டும் போதாது. நீளமாக, சமதளத்தில், நாலைந்து மணி நேரம் தொடர்ந்து நடக்கும் பழக்கம் வேண்டும். அதற்குச் செபராங் பிறையின் வடக்கே பெனாகா, கெப்பாலா பத்தாஸ் பக்கத்து நெல்வயல் சாலைகள் ரொம்பப் பொருத்தம். விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுமுன் 15 கிலோமீட்டர் முடியும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடப்பதுதான் முக்கியம். ஒரே நாளில் 30 கிலோமீட்டர் நடந்து காட்டுவதைவிட, இரண்டு நாள் தொடர்ந்து 15 நடப்பதுதான் அங்கே உதவும். இரண்டாம் நாள் எங்கே வலிக்கிறது, எந்தக் காலுறை உராய்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து நடந்தவர்களுக்கு மனவுறுதியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, கால் தோலைத்தான் கவனிக்க வேண்டும்.

காலணி, உடை?

காலணி வழக்கமான அளவைவிட அரை அளவு பெரியது, ஏனென்றால் நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும். புதிதாக வாங்கியதை அங்கே போய் மாட்டாதீர்கள், ஊரிலேயே இரண்டு மாதம் போட்டுத் தேயுங்கள். நடக்கும்போது ஓரிடம் சூடாக உரசுவதுபோல் தோன்றியதும் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். "அடுத்த ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடந்தால் கொப்புளம் வந்துவிடும், பிறகு அந்த வாரமே வீண்.

ஜூனிலும் பகலில் 17, 18 டிகிரிதான், பாறை மேல் காற்றில் இன்னும் குளிரும். பருத்தி பனியன் நனைந்தால் காயவே காயாது, உடம்பைச் சில்லிட வைக்கும். சீக்கிரம் காயும் செயற்கை இழைச் சட்டை, அதன் மேல் மெல்லிய கம்பளி, அதன் மேல் நல்ல மழைச்சட்டை, மழைக்கால்சட்டை. குடையை வீட்டில் வையுங்கள், அந்தக் காற்றுக்கு நிற்காது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், இன்று பெரும்பாலான மதுக்கடை உணவகங்களில் ஓரிரண்டு சைவ வகைகளாவது உண்டு. முன்பதிவின்போதே முட்டை சாப்பிடுவீர்களா இல்லையா என்பதுவரை எழுதிவிடுங்கள். காலை உணவு பலமாக இருக்கும். மதியத்துக்குக் கடை இருக்காது, அதனால் முதல்நாள் இரவே தங்குமிடத்தில் பொட்டலம் கட்டித்தரச் சொல்ல வேண்டும். இரவில் கவனம்: கிராமத்துச் சமையலறைகள் எட்டு, எட்டரைக்கே மூடிவிடும். நம் ஊர் மாமாக் கடைபோல நடுராத்திரி ரொட்டி சானாய் கிடைக்காது.

மூன்றாம் நாள் சோறு கேட்கும், அது எல்லோருக்கும் வரும். கார்லைல், ஹெக்ஸம் போன்ற ஊர்களில் இந்திய உணவகங்கள் உண்டு. பையில் எலுமிச்சை ஊறுகாய் ஒரு சின்னப் புட்டி, கோப்பி ஓ பொட்டலங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியும் பால் சேர்ந்ததும் மலேசியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோகக் கூடாது. இறைச்சித் துருவலான செருண்டிங் வேண்டாம், பால்மாவு கலந்த மைலோ பொட்டலமும் வேண்டாம்.

கழிவறை?

கேட்கக் கூச்சப்படுவார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். கோட்டை அருங்காட்சியகங்கள், தேநீர்க் கடைகள், மதுக்கடைகள் ஆகியவற்றில் உண்டு. நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் இராது. எங்கே கழிவறை பார்க்கிறீர்களோ அங்கே போய்விடுங்கள். தண்ணீர்க்குழாய் இருக்காது, கழுவிக்கொள்ளத் தனியாக ஒரு சின்னப் பாட்டிலும், குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பையும் வைத்திருங்கள்.

அறுபது வயதான அம்மாவை அழைத்துப்போகலாமா?

தாராளமாக. அந்தப் பாதையில் நீங்கள் பார்க்கப்போகிறவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள்தான். அம்மா தினமும் ஒருமணி நேரமாவது நடப்பவராக இருக்க வேண்டும், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும், இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். வேலிகளைத் தாண்ட ஏணிப்படிபோல ஏறி இறங்கும் இடங்கள் வரும், சேலையில் முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாறைப் பகுதி நாளில் அவர் மட்டும் பேருந்தில் வந்து மாலையில் சேர்ந்துகொள்ளலாம். அது குறை ஒன்றும் இல்லை.

தனியாகப் போகிற பெண்களுக்குப் பாதுகாப்பா?

கோடையில் இந்தப் பாதையில் தனியாக நடக்கும் பெண்கள் நிறையப் பேர். ஒவ்வொரு மாலையும் தங்குமிடத்துக்காரர் உங்களை எதிர்பார்த்திருப்பார், தாமதமானால் அழைத்துச் சொல்லிவிடுங்கள். தனி ஆளுக்கும் அறை விலை ஏறக்குறைய முழு விலைதான், அதுதான் எனக்கு வருத்தம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

இருவர் தங்கும் அறை காலை உணவோடு 90 முதல் 130 பவுண்டு. இரவுச் சாப்பாடு ஆளுக்கு 15, 20 பவுண்டு. மதியப் பொட்டலமும் பையை அனுப்புவதும் தலா ஒரு பத்து. ஆக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு பவுண்டு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் அதற்குள் முடியும். அன்றைய மாற்று விலையில் ரிங்கிட்டாக்கிப் பாருங்கள், விமானமும் ரயிலும் தனி. பங்க்ஹவுஸில் படுத்து நீங்களே சமைத்தால் நன்றாகவே குறையும். பயணக் காப்புறுதி எடுக்காமல் போகாதீர்கள்.

மாடுகள் துரத்துமா? நம் ஊர் அட்டைபோல ஏதாவது உண்டா?

பாதை மேய்ச்சல் நிலங்களுக்குள்ளேயே போகும். கன்றோடு நிற்கும் பசுவிடம் மட்டும் ஜாக்கிரதை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள், ஓட வேண்டாம். திறந்த வேலிக்கதவைத் திறந்தபடியும், மூடியதை மூடியும் விட்டுச் செல்ல வேண்டும். அட்டை இல்லை, உண்ணி உண்டு. சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். தினமும் குளிக்கும்போது முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் பாருங்கள், இருந்தால் நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள்.

நடுவில் ஒருவரால் நடக்க முடியாமல் போனால்?

இதற்கான பதிலைக் கிளம்பும் முன்பே காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். கோடைக்காலத்தில் ஹெக்ஸம், ஹால்ட்விசில் ஊர்களை இணைத்து, கோட்டைகளைத் தொட்டபடி ஏடி122 என்ற பேருந்து ஓடும், எண்ணே சுவர் தொடங்கிய ஆண்டு. அந்த இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் இருக்கிறது. அவர் பேருந்திலோ டாக்சியிலோ அன்றைய தங்குமிடத்துக்குப் போய்விடலாம், பையும் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். எழுந்து நடக்கவே முடியாத காயம் என்றால் 999ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். பாறைப் பகுதியில் சில இடங்களில் கைப்பேசி அலை கிடைக்காது, அதனால் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி, தாளிலும் ஒன்று வைத்திருங்கள். ஓஎல்43 என்ற தாளில் சுவரின் நடுப்பகுதி இருக்கிறது.